படர்தாமரையின் சொந்தக்காரர்

டிவி ரிமோட்டும் கையுமாக சோபாவில் சாய்ந்திருந்த உயிரியல் பேராசிரியரிடம் மைத்துனன் முழங்கையை நீட்டினான்.

“படர்தாமரை, அத்தான். எத்தனை களிம்பு போட்டும் போகமாட்டேங்குது.”

கேட்கவா வேண்டும்? உயிரினங்களை வகைப்படுத்துவதுதான் அவர் துறையே.

“பேர்தான் தாமரை மச்சான், அது பூஞ்சை! பரிணாமத்துல செடிகொடியைவிட நமக்குத்தான் நெருங்கின சொந்தம். அதைக் கொல்ற மருந்து நம்மையும் பதம் பார்த்துடும். லேசுல விரட்ட முடியாது.”

“சொந்தம்னா பொறுத்துத்தான் போகணுமா?”

“வேற வழி? சொறிஞ்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

“புரியுது அத்தான்.” மைத்துனன் பெருமூச்சு விட்டான். “உங்க வீட்டுல பெயின்ட் வாசனை போறவரைக்கும் ஒரு வாரம் தங்குறேன்னு இங்க வந்தீங்க. எட்டு மாசமாச்சு.”

முப்பது வருடமாகப் பூஞ்சைகளை இனம்பிரித்தவருக்கு, தான் எந்த இனம் என்பது அன்றுதான் தெரிந்தது.