முப்பத்திரண்டு டப்பா

"ரெண்டு கட்டை மரவள்ளிக்கு ஒரு டப்பா. இஷ்டம்னா குடு, இல்லன்னா நடையக் கட்டு" என்றாள் வள்ளியம்மா.

மாயாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்ன தங்கமா கேட்டான்? காலையில் அவள் வெளிக்குப் போவதில் கொஞ்சம் கேட்டான். அதற்குமா விலை?

"ஏக்கா, இது உனக்கே நல்லாருக்கா?"

"கேக்குற உனக்கு நல்லாருக்குல்ல?"

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் சயாமில் ரயில் ரோடு போடுகிறான். நாளுக்கு ஒரு வெள்ளி, இருக்க வீடு, மூன்று வேளைச் சோறு, பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று படித்துவிட்டுப் போனார்.

சோறு! மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டம் அரிசியைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாயாண்டியின் மகள் நீலாவதிக்கு நாலு வயசு. மரவள்ளியைத் தின்று தின்று கால் வீங்கி, வயிறும் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒரு பிடி சோறு போட வேண்டும். மாயாண்டிக்கு வேறு நினைப்பே இல்லை.

குறுக்கே வந்தது டாக்டர் சோதனை. வயிற்றுக்கடுப்பு உள்ள குடும்பத்தை ரயிலில் ஏற்ற மாட்டார்களாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சர் கணேசமூர்த்தி வீட்டுக்கு ஒரு தகர டப்பா கொடுத்திருந்தார். வீட்டில் யாருக்கு வயிறு மோசமோ, அவர் வெளிக்குப் போனதை அதில் வைத்து நாளைக் காலையில் கொண்டுவர வேண்டும்.

நீலாவதியுடையதை வைத்தால் கதை அங்கேயே முடிந்தது. லயத்திலேயே வயிறு கெடாத ஆள் வள்ளியம்மா ஒருத்திதான். கல்லைத் தின்றாலும் செரிக்கும் அவளுக்கு. அவள் புருஷன் சடையன் முதல் வண்டியிலேயே சயாம் போனவன். நாலு மாசமாக ஒரு தகவலும் இல்லை.

"சரிக்கா, கிழங்கு தர்றேன்" என்றான் மாயாண்டி.

வள்ளியம்மா கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"உனக்கு மட்டும் எதுக்கு? போகணும்னு நிக்கிற எல்லாரையும் டப்பாவக் குடுத்தனுப்பச் சொல்லு. கிழங்கு இப்பவே வரணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி பஞ்சாலை காறித் துப்பினாள்.

"கட்டுன புருஷன் அங்க என்ன பாடு படுறாரோ, இவ இங்க பீய வித்துத் திங்கிறாளே! இதெல்லாம் ஒரு ஜென்மமா?"

திட்டிக்கொண்டே ரெண்டு நல்ல கட்டையாகப் பொறுக்கியும் கொடுத்தாள். ஊரே அப்படித்தான் திட்டியது, அப்படித்தான் கொடுத்தது.

மறுநாள் விடிந்தபோது முப்பத்திரண்டு டப்பாவும் நாரால் இறுக்கிக் கட்டித் தயாராக இருந்தன.

"திறந்து பாக்கக் கூடாது" என்றாள் வள்ளியம்மா.

அதைத் திறந்து பார்க்க எவனுக்கு ஆசை?

ஜப்பான் டாக்டர் முதல் டப்பாவைத் திறந்தான். முகம் சுளித்தான். ரெண்டாவது. மூணாவது. பத்தாவது டப்பாவில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தேவிட்டான்.

"பாகேரோ!"

முன்னால் நின்ற மாயாண்டியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. முப்பத்திரண்டு வீட்டுக்கும் ரத்தக்கடுப்பு! தோட்டத்து வாசலில் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். சோல்ஜர் எவனும் உள்ளே போகக் கூடாது, உள்ளேயிருந்து ஒருத்தரையும் சயாமுக்கு எடுக்கக் கூடாது.

லயமே வள்ளியம்மா வாசலில் கூடிவிட்டது.

"வியாதிக்காரி! கிழங்கையும் வாங்கிக்கிட்டு எங்க வாயில மண்ணையும் அள்ளிப் போட்டியே!" என்று கத்தினான் மாயாண்டி.

அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கிழங்கத் திருப்பிக் கேக்காதீங்க. தின்னாச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடியில்கூட அவளிடம் ஒருவரும் பேசவில்லை. ரெண்டு வருஷம்.

ஜப்பான்காரன் தோற்றான். கிராணி ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனார். சயாமுக்குப் போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். அடுத்த தோட்டத்திலிருந்து போனது நூற்று நாற்பது பேர். வந்தது ஒன்பது பேர்.

கேட்டதும் மாயாண்டி மகளைத் தேடிக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் நீலாவதி, யாரோ அவிழ்த்துப் போட்ட சிவப்புத் துணியைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு கூச்சல் போட்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதல் முதலாகக் கிடைத்த ஒரு படி அரிசியை எடுத்துக்கொண்டு, பஞ்சாலையையும் கூட்டிக்கொண்டு வள்ளியம்மா வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, மன்னிச்சிரு. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நல்லவேளை, அன்னிக்கு உன் வயிறு கெட்டிருந்துச்சு."

"என் வயித்துக்கு என்னடா கேடு? அன்னிக்கும் இரும்பு, இன்னிக்கும் இரும்பு."

வள்ளியம்மா கதவை அகலத் திறந்தாள்.

"இனிமே யாருக்குப் பயம்? வெளிய வாங்க."

எலும்பும் தோலுமாக, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றான் சடையன்.

"ஐயோ, மாமா! எப்ப வந்தீங்க?" அலறினாள் பஞ்சாலை.

"ரெண்டு வருஷமாச்சும்மா. உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடி வந்தேன். அங்க செத்தவனப் பொதைக்கக்கூட ஆளில்ல. ஆனா வெளிய சொன்னா கிராணி காதுக்குப் போயிரும், என் தலை முச்சந்தியில தொங்கும். சோறு சோறுன்னு நிக்கிற உங்களத் தடுக்க வழி தெரியாம நாங்க உள்ள முழிச்சிக்கிட்டிருந்தப்பதான், மாயாண்டி டப்பாவத் தூக்கிக்கிட்டு வந்தான்."

மாயாண்டி ஓரடி முன்னால் வந்தான்.

"அப்ப... அந்த டப்பா எல்லாம்?"

சடையன் அவன் தோளைத் தட்டிச் சிரித்தான்.

"கடுப்போட வந்து படுத்துக் கெடந்தவன் நான்தானேடா! ஒத்த ஆளு ஒரே விடியக்காலையில முப்பத்திரண்டு டப்பாவ ரொப்பணும்னா தெம்பு வேணாமா? அதுக்குத்தான் உங்க அக்கா கிழங்கு கேட்டா."