ஏழாவது புள்ளி

விரல் ரேகை பார்க்கும் லென்ஸுக்கு, போன தடவை வந்த வழக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. சந்தேக ஆளின் ரேகை அட்டையை முதலில் பார்த்துவிட்டு, மங்கலான ரேகையிலும் அதையே கண்டது. குற்றமே செய்யாதவன் ஜெயிலுக்குப் போனான்.

இன்று டம்ளரில் எடுத்த ரேகை வந்தது, பாதி தேய்ந்துபோய்.

"ஆளைப் பிடிச்சு லாக்கப்புல வெச்சாச்சு. என்னை முதல்ல பாருங்க, சட்டுன்னு முடியும்," என்றது அந்த ஆளின் ரேகை அட்டை.

"நீ உறைக்குள்ளேயே கிட," என்றது லென்ஸ்.

மணிக்கணக்கில் உற்றுப் பார்த்து அது சொல்லச் சொல்ல, டம்ளர் ரேகையில் கோடுகள் பிரியும், முடியும் இடங்களில் பென்சில் ஏழு புள்ளிகள் வைத்தது. பிறகுதான் அட்டை வெளியே வந்தது. ஆறு பொருந்தின. ஏழாவது பொருந்தவில்லை; ஒன்று பொருந்தாவிட்டாலும் ஆள் வேறாக இருக்கலாம்.

"தேய்ஞ்ச ரேகைதானே அண்ணே, அழிச்சிடட்டுமா? என் தலையிலேயே ரப்பர் இருக்கு," என்றது பென்சில்.

"என்மேல தூசி இருந்தா துடைச்சு விடு. அந்தப் புள்ளியில கை வைக்காதே."