ஆளுக்குப் பாதி

பத்தொன்பது நாட்களாகக் கயல்விழியும் அவளைப் பிரிந்திருக்கும் கணவன் தேவநாதனும் பேசிக்கொள்ளவில்லை. இன்றும் ஒரே மேசைக்கு அடியில் முட்டி இடிக்கக் குந்தியபடி, குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கைப்பொம்மைகளை உயர்த்திப் பிடித்தார்கள். இருவர் கண்களும் தரையிலிருந்த மானிட்டரில் இருந்தன. இன்றைய பாடம், பாதி.

"ரெண்டு பேருக்கு ஒரு ரொட்டி. ஆளுக்கு எவ்வளவு, காக்கா?" என்றது அவனுடைய யானை.

"பாதி, யானையாரே. இவ்வளவு பெரிய தலைக்கு இதுகூடத் தெரியலையா?" என்றது அவளுடைய காகம்.

இயக்குநர் சிரித்தார்.

"அப்ப வீடு?" என்றது யானை. அது எழுதிக்கொடுத்த கேள்வி அல்ல.

"பாதி."

"நம்ம பொண்ணு?"

காகத்தின் வாய் திறந்தபடியே நின்றது. தேவநாதன் மானிட்டரை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கயல்விழி தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"காலையிலயே எங்க அக்காகூட துபாய்க்கு ஃபிளைட் ஏத்திவிட்டுட்டேன்."