கழற்றிய பெட்டி

வத்திராயிருப்புக்கு மேற்கே, காட்டாற்றங்கரைக் கம்பத்தில் மாட்டிய ஏழாவது வெள்ள எச்சரிக்கைப் பெட்டிக்குக் கீழே, அவற்றைப் பராமரிக்கும் சத்யப்பிரியா மடிக்கணினியோடு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஆற்றில் நீர் ஏறினால் ஒவ்வொரு பெட்டியும் செய்தியை ஊருக்கு இன்னும் பக்கத்திலிருக்கும் பெட்டிக்குத் தள்ளிவிடும். கடைசியில் ஊரில் அபாயச் சங்கு ஒலிக்கும். நேற்று ஒலிக்கவில்லை. வெள்ளம் இழுத்துப்போன ஐயாதுரை இன்னும் கிடைக்கவில்லை. அவர் மனைவி அழகுத்தாய் முழங்கால்வரை சேறோடு பக்கத்தில் நிற்கிறாள். சாயும் வெயிலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து ஓடுகிறது.

"சங்கு ஊதும்னு நம்பித்தான அவிய தோப்புக்கு எறங்குனாவ. ஏன் ஊதல?"

திரையில் நேற்று மதியம் மூன்று பத்துக்கு வந்த செய்தி தெரிகிறது. ஆறு பெட்டிகளைத் தாண்டி இந்தப் பெட்டிவரை வந்திருக்கிறது. இதைவிட ஊருக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஒரு பெட்டியும் இல்லாததால், நாற்பது முறை கூப்பிட்டுப் பார்த்து இங்கேயே நின்றுவிட்டது.

"அடுத்த பெட்டியத் தேடியிருக்குக்கா."

"அது எங்க?"

சத்யப்பிரியா கை நீட்டுகிறாள். சற்றுத் தள்ளி வெறும் கம்பம் நிற்கிறது. "பேட்டரி மாத்த போன வாரம் நாந்தான் கழட்டுனேன். எம் மேசையில கெடக்கு."

அழகுத்தாய் சேற்றில் நடந்துபோய், அந்தக் கம்பத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.