பெரியக்காவின் ஃப்ரீசர்

ஆஸ்பத்திரி கேன்டீன் மேனேஜரின் மேஜைமேல், ஒரு தட்டில் ஏழு ஐஸ் கட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிரெடிட் கார்டு.

பக்கத்தில் ஒரு மொட்டைக் கடிதாசி. 'தலைமைச் சமையல்காரி வேலையாட்களின் கார்டுகளைப் பிடுங்கி ஃப்ரீசரில் பதுக்கி வைத்திருக்கிறார். தட்டிக்கேட்க இங்கே ஆளில்லை.'

மேனேஜர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தட்டிக்கேட்க வேண்டிய ஆள் தான்தான் என்று அவருக்கு உடனே தோன்றிவிட்டது. புது மேனேஜர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

முதலில் பாத்திரம் கழுவும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இதுல உன் கார்டு இருக்கா?"

"இருக்கு சார். அந்த ஓரத்துல இருக்கே, அது."

"யாரு கொண்டுபோய் ஃப்ரீசர்ல வச்சது?"

"பெரியக்கா."

"கார்டுல லிமிட் எவ்வளவு?"

"போன மாசம்தான் சார் டபுள் ஆச்சு. பேங்க்ல கேட்டு ஏத்திக்கோடின்னு பெரியக்காதான் சொன்னாங்க."

"ஏத்தினப்புறம்?"

"கார்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க."

இதற்குமேல் என்ன வேண்டும்? லிமிட்டை ஏற்றச் சொல்வது, ஏறியதும் கார்டை வாங்கிக்கொள்வது. பகல் கொள்ளை! வேலையை விட்டு நீக்கும் உத்தரவைத் தயார் செய்துகொண்டு, பெரியக்காவை வரச்சொன்னார்.

பெரியக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பதினெட்டு வருஷமாக அந்த அடுப்படியில் நிற்பவர். வயதால் அல்ல, குரலால் பெரியக்கா.

"ஐயையோ, இதை எதுக்கு சார் வெளிய எடுத்தீங்க? உருகிடுமே!"

"வேலை போகப்போகுதேன்னு கவலைப்படுங்கம்மா. ஐஸ் உருகுதுன்னு கவலைப்படறீங்க!"

கடிதாசியையும் உத்தரவையும் நீட்டினார். "இதுல நான் கையெழுத்து போட்டா, இன்னையோட நீங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

பெரியக்கா கடிதாசியை இரண்டு தரம் படித்தார். அந்த முகம் சட்டென்று வாடிப்போனது.

"சொல்றேன் சார். உக்காரலாமா? விடிகாலைலேருந்து நின்னுட்டிருக்கேன்."

உட்கார்ந்தார்.

"இவங்க ஏழு பேருக்கும் கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மி சார். வீட்டுக் கடன் கேட்டுப் போனா பேங்க்ல திருப்பி அனுப்பிடறான். வேற பேங்க்குக்குப் போனாலும், முதல்ல ஸ்கோரைக் காட்டுங்கறான்."

"அதுக்கு லிமிட்டை ஏத்தினா சரியாப் போயிடுமா? யாருகிட்ட கதை விடறீங்க?"

"சின்னப் பாத்திரத்துல விளிம்பு வரைக்கும் பால் இருந்தா, எப்பப் பொங்குமோன்னு பயமா இருக்கும்ல? அதே பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாத்துங்க, பயம் போயிடும். பேங்க்காரனுக்கும் அப்படித்தான். லிமிட் ஏறியும் செலவு ஏறலன்னா, நிதானமான ஆளுன்னு ஸ்கோரைக் கூட்டிடுவான்."

"பாத்திரம் பெருசா இருக்கேன்னு இன்னும் கொஞ்சம் பாலை ஊத்திட்டா?"

"சரியாப் புடிச்சீங்க. அதுக்குத்தான் சார் ஐஸு!" பெரியக்கா முதல்முறையாகச் சிரித்தார். "போன் பில் மட்டும் தானா அதுலேருந்து போற மாதிரி வச்சிடுவோம். கடை ஆப்ல இருக்கிற கார்டு நம்பரையெல்லாம் அழிச்சிடுவோம். அப்புறம் டப்பாவுல போட்டு, தண்ணி ஊத்தி, ஃப்ரீசர்தான். யாருக்காவது கை அரிச்சா, ஐஸ் உருகற வரைக்கும் என் எதிர்ல உக்காந்து யோசிக்கணும். பாதி உருகறதுக்குள்ள, 'வேணாங்க்கா, உள்ளயே வச்சிடுங்க'ன்னு எழுந்து போயிடுவாங்க. இதுவரைக்கும் பதினோரு பேரு வீட்டுச் சாவி வாங்கிட்டாங்க சார்."

வாசலிலேயே நின்றுகொண்டிருந்த பாத்திரம் கழுவும் பெண்ணை மேனேஜர் முறைத்தார். "ஏம்மா, நீங்களாத்தான் குடுத்தீங்கன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க அதைக் கேக்கவே இல்லியே சார்!"

மேனேஜருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இப்படிப்பட்ட ஒருத்தரையா அனுப்பப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. உத்தரவை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. ஆனா, அடுத்தவங்க கார்டு ஆஸ்பத்திரி ஃப்ரீசர்ல இருக்கிறது சரியில்ல. நாளைக்கு ஒண்ணு தொலைஞ்சா பழி உங்க தலையில விழும். இன்னைக்கே திருப்பிக் குடுத்துடுங்க. அவங்கவங்க வீட்டு ஃப்ரீசர்ல வச்சுக்கட்டும்."

"அதுவும் சரிதான் சார்."

பெரியக்கா ஆறு கட்டிகளை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டார். ஏழாவதை மட்டும், கார்டிலிருந்த பெயர் தெரியாதபடி குப்புறத் திருப்பி வைத்தார்.

"இது மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே சார். அன்னைக்குத்தான் இவனோட வீட்டுக் கடனுக்கு ஸ்கோர் பாக்கறாங்க. பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க, எல்லாரும் ஒரே ரூம்ல கிடக்கறாங்க. கார்டு வீட்டுக்குப் போச்சுன்னா, சுத்தியலால உடைச்சு எடுத்து, சாயங்காலமே புது பைக்ல வந்து நிப்பான். 'நானே அழுது கேட்டாலும் குடுக்காதீங்கக்கா'ன்னு சொல்லித்தான் குடுத்தான். முந்தாநேத்து வந்து கேட்டான். குடுக்கல."

"சரி, இருக்கட்டும். யாரும்மா அந்த ஆளு?"

"பேரு மட்டும் கேக்காதீங்க சார். கோபத்துல நீங்க அவனை வேலையை விட்டு அனுப்பிட்டா, அப்புறம் கடனே கிடைக்காது. இந்த மொட்டைக் கடிதாசியை எழுதினதே அவன்தான்."