பதினோராவது ஷரத்து

சமையலறை சுவிட்சில் கை வைத்த ஏழு வயது மகள் வெடுக்கென்று கையை உதறிக்கொண்டு அலறினாள்.

மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற அவள் அம்மா ஓடிப்போய் அவளை அப்பால் இழுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

சுவருக்குள் போகிற தண்ணீர்ப் பைப்பில் எங்கோ கசிவு. நேற்று ஈரம் சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. இன்று போர்டையே தொட்டுவிட்டது. நேற்றுக் காலையிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒரு ஆளையும் காணோம்.

மெயினை அணைத்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன், பேப்பரோடேயே பின்னால் ஓடிவந்தார்.

வீட்டுக்காரர் தையல்காரர். கீழே முன்னறைதான் கடை. கழுத்தில் டேப்போடு துணி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "தப்பாயிடுச்சும்மா, நேத்தே…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க மாமா" என்று கையமர்த்தினார் அவருடைய மருமகன். இரண்டு நாள் தங்கிப் போக வந்தவர். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எதைக் கொடுத்தாலும் பொடி எழுத்தை முதலில் படிக்கிற ரகம்.

"ஆள் நேத்து சாயங்காலமே வந்தாரு மேடம். நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"ஏன்?"

இதற்காகவே காத்திருந்தவர் போல, மேசை மேலிருந்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி படித்தார்.

"பதினோராவது ஷரத்து. சுவர் ஈரம், நீர்க்கசிவு, மின்கோளாறு ஆகியவை எக்காரணத்தால் ஏற்பட்டாலும் அவற்றைச் சரிசெய்வது குடியிருப்போரின் பொறுப்பே. இதுகுறித்து உரிமையாளரைத் தொந்தரவு செய்யலாகாது."

அவளுக்குக் காது மடல் சுட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் இன்னும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"கீழே இருக்கிறது உங்க கையெழுத்துதானே மேடம்?"

"என்னுதுதான். அந்த போர்டுல என் பொண்ணு கை ஒட்டிக்கிட்டிருந்தா, இந்தப் பேப்பரை வெச்சா தம்பி பிரிச்சு எடுத்திருப்பீங்க?"

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

அவள் விடுவதாக இல்லை. பல்பு போனால் மாற்றுவோம், குழாய் ஒழுகினால் வாஷர் போடுவோம், அது குடியிருக்கிறவர்கள் வேலை. சுவரும் சுவருக்குள் இருக்கிறதும் வீட்டுக்காரர் வேலை. இதைத் தெரிந்துகொள்ள ஆபீசில் உத்தியோகம் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். சாதாரணமாகவே நறுக்கென்று பேசுகிறவள். மகளின் கையை இன்னும் விடவில்லை.

"இதை எழுதினவங்களுக்கு நெஞ்சுல ஈரமே இருக்காது. பிள்ளை பெத்தவங்க யாராவது இப்படி எழுதுவாங்களா?"

புருஷன் இருமினார். மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று முழங்கையைத் தொட்டார். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

"எழுதினவரு விவரமானவரு மேடம்" என்றார் மருமகன். "பன்னிரண்டாவதையும் கேளுங்க. பின்கட்டில் குடியிருப்போர் கார் ஷெட்டில் துணி உலர்த்தலாகாது…"

நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"மாமா, நமக்குக் கார் ஷெட் எங்க இருக்கு? பின்கட்டு ஏது?"

அவள் எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள்.

அந்தக் கார் ஷெட் அவளுக்கும் புருஷனுக்கும் சொந்தமாயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் விற்ற சொந்த வீட்டில் இருந்தது. பின்கட்டில் கைக்குழந்தையோடு ஒரு நர்ஸ் குடியிருந்தாள். குழந்தைத் துணியை ஷெட்டில் உலர்த்துகிறாள் என்றுதான் பன்னிரண்டு. பழுது பழுதென்று யாரும் வாசலில் வந்து நிற்கக்கூடாது என்றுதான் பதினொன்று. இரண்டையும் இவள் சொல்லச் சொல்லப் புருஷன் டைப் அடித்தார்.

ஒரு மழைக்காலத்தில் பின்கட்டுச் சுவர் ஊறி, குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று நர்ஸ் வந்து நின்றாள். பதினோராவதைப் படித்துப் பார் என்று சொல்லிவிட்டு இவள் கதவைச் சாத்தினாள். அந்த மாதமே நர்ஸ் காலி செய்துகொண்டு போனாள்.

இந்த வீட்டுக்கு வந்தபோது பத்திரம் எழுதுகிறவர் இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார். அவ்வளவு பொறுமை இவளுக்கு ஏது? நம்ம பழைய ஒப்பந்தம் இருக்கே, ஆள் பேரை மட்டும் மாத்துங்க என்று புருஷனிடம் சொன்னாள். தன் கையாலேயே கொண்டுவந்து தையல்காரரிடம் கொடுத்தாள். அவரும் படிக்கவில்லை. இவளும் படிக்கவில்லை.

"யார் மாமா இதை எழுதினது?" மருமகன் விடவில்லை.

தையல்காரர் அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான். அவள் மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் போனை எடுத்தார். பைப் வேலைக்காரரைக் கூப்பிட்டு, எலக்ட்ரீஷியனையும் கையோடு கூட்டிக்கொண்டு இப்பவே வரச் சொன்னார். போனை வைத்துவிட்டு, ஒப்பந்தத்தை மருமகன் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"நான்தான் மாப்பிள்ளை. ஏதோ பழைய பேப்பரைப் பார்த்து எழுத வெச்சேன். நெஞ்சுல ஈரமில்லைன்னு அந்தம்மா திட்டினது என்னைத்தான்."