நாலு பேருக்கு ஒரே மார்க்

“சந்துரு, வைவா வெள்ளிக்கெழமைக்குத் தள்ளிப் போயிருச்சாமா. புதன்கெழமை நீ வர வேண்டாம்.”

போனில் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் அனுப்பிரியா. அந்தப் பக்கம் சந்துரு, நீ சொன்னாச் சரி அனு என்று வைத்துவிட்டான். ஏன், எதுக்கு என்று ஒரு கேள்வி கிடையாது. பாவி, கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருந்தால் இவளுக்கு இத்தனை கிலி பிடித்திருக்காது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு தள்ளியெல்லாம் போகவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கேதான்.

அவளை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. இன்னாசிராஜ் சார் மார்க் போடுகிற அழகு அப்படி. வகுப்பில் நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வேண்டும். யாரோடு யார் என்பதை அவரே முடிவு பண்ணுவார். வைவா என்றைக்கு என்று லீடரிடம் மட்டும் சொல்வார். மற்ற மூன்று பேருக்கும் சொல்வது லீடர் பாடு. அன்றைக்கு நாலு பேர் பெயரையும் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார். பெயர் வந்த ஆள்தான் அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் வாங்குகிற மார்க்தான் நாலு பேருக்கும்.

வாய்க்கால் தண்ணீர் எந்தத் தோட்டத்துக்கு எந்த நாள் என்று முறை பிரித்துச் சொல்லும் புரோகிராம் இவர்களுடையது. லீடர் அனு. பாதிக்கு மேல் அவளே எழுதினாள். மீதி நிமியும் ரிஜினும். சந்துரு ஒரு வரிகூட எழுதவில்லை. எருத்தேன்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். சும்மா இருக்கிறானே என்று, தப்புத்தப்பாக எதையாவது போட்டுப் பார், எங்கே நிற்கிறது என்று சொல் என ஒரு வேலையைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அனுவை வேலைக்கு எடுத்திருந்தது. ஆனால் எந்தப் பாடத்திலும் அறுபது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த வைவாவில் சறுக்கினால் வேலை போச்சு. சந்துரு பெயர் சீட்டில் வந்தால் சறுக்காமல் என்ன செய்யும்?

ஆள் வராவிட்டால் பெயரும் டப்பாவில் இருக்காது. அதுதான் அவள் போட்ட கணக்கு.

புதன்கிழமை முதலில் உள்ளே போன ஜோபியின் குழு பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தது. ஜோபி முகம் செத்துப் போயிருந்தது. அவர்களில் ஒருத்தன் வரவில்லையாம். சார் அவன் பெயரையும் சேர்த்தே குலுக்கினாராம். வந்ததும் அவன் பெயர்தானாம். நாலு பேருக்கும் பூஜ்யம்.

அனு வராந்தா ஓரத்துக்கு நகர்ந்தாள். சந்துருவுக்குப் போன் போட்டாள். மணி அடித்ததே தவிர அவன் எடுக்கவில்லை. எடுத்தாலும் எருத்தேன்பதியிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அவன் எங்கே என்று நிமி கேட்டாள். காய்ச்சலாம் என்றாள் அனு. நிமி கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டப்பா மேசைமேல் இருந்தது. நாலாவது ஆள் எங்கே என்றார் சார்.

“சந்துருவுக்குக் காய்ச்சலுங்க சார்.”

“காய்ச்சலா? நேத்து இங்கன ஒரு மணி நேரம் உக்காந்திருந்தானே. நல்லாத்தான் இருந்தான்.”

சார் டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“உங்களுக்குச் சீட்டு இல்ல. அனுவுக்கு எல்லாம் தெரியும், ஆனா நாலு பேரு முன்னால நின்னா வாயே வராது, அது பேரு வந்துரக் கூடாது, என்னையே கேட்டுருங்க சார்னு வந்து நின்னான்.”

அது நிஜம்தான். போன வருஷம் செமினாரில் ஒரு வார்த்தை வராமல் நின்றுவிட்டு அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தவள் அவள். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சீட்டுப் போடாமல் முடியாது என்றுதான் சார் முதலில் சொன்னாராம். அப்புறம் சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தாராம், வாய்க்கால் அடைத்துக்கொண்ட நாளில் ஒருத்தர் முறை வந்தால் என்ன ஆகும் என்று. மூன்றாவது வாரம் புரோகிராம் அங்கேதான் நின்றுபோனது, நிமி அதை இப்படிச் சரி பண்ணினாள் என்று ஆரம்பித்தவன் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லையாம்.

“எங்கெங்க ஒடையும், ஏன் ஒடையும்னு பூராவும் அவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அதையே வைவான்னு வச்சுக்கிட்டேன். இன்னைக்கு வர வேண்டாம்னுட்டேன். அம்பதுக்கு நாப்பத்தாறு, நாலு பேருக்கும்.”

நிமியும் ரிஜினும் மூச்சு விட்டார்கள். அனுவால் விட முடியவில்லை. நேற்று வந்தான் என்றால், இன்றைக்குத்தான் வைவா என்பது அவனுக்குத் தெரிந்துபோயிருக்குமே.

சார் மார்க் தாளைப் புரட்டினார்.

“வைவா வெள்ளிக்கெழமைதானே சார்னு கேட்டான். நாளைக்குடா, யாரு வெள்ளின்னு சொன்னதுன்னேன்.”

அனு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சார் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அப்புறம், அனு புதன்னு சரியாத்தான் சொல்லுச்சுங்க சார், நான்தான் நாளைக் கொழப்பிக்கிட்டேன்னான். சேதியை எல்லாருக்கும் ஒழுங்காச் சொன்னதுக்கு லீடருக்குன்னு தனியா அஞ்சு மார்க் உண்டு. அவன் வார்த்தையை நம்பி முழுசாப் போட்டிருக்கேன். சரிதானம்மா?”